மீசை லெவன் கேட்டீர்களே, இதோ என் அணி



நீளமான பதிவு. கையில் காபியோ டீயோ வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். இரண்டு வரி படித்துவிட்டு "அருமை சார்" என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

நான்கு நாளாக நம் வாட்ஸப் குழுவில் மீசைச் சண்டை. ஆஸ்திரேலியாக்காரர்கள் மீசை வைத்த ஆட்டக்காரர்களை மட்டும் பொறுக்கி ஒரு கனவு அணி போடுவது பழைய பொழுதுபோக்கு. டென்னிஸ் லில்லி, ராட் மார்ஷ், டேவிட் பூன், மெர்வ் ஹியூஸ், 2013 ஆஷஸில் மிட்செல் ஜான்சன் என்று அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பார்த்து நம் பையன் ஒருவன் 'இந்தியாவின் கெத்து மீசை லெவன்' என்று ஒன்று போட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவன். தூக்கம் வராமல் போட்டிருப்பான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல விளையாட்டு.

அதன் கீழே வந்த கமெண்டுகள்தான் என்னை எழுத வைத்தன. ஒருவர்: "மீசை இல்லாதவன் எல்லாம் ஆம்பளையா?" இன்னொருவர்: "முறுக்கு மீசை எங்க ஆளுங்க சொத்து, மத்தவன் வெக்கக்கூடாது." இதை யாரோ எங்கள் குடும்பக் குழுவுக்கும் பார்வர்டு பண்ணினார்கள். அங்கே பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன், "ஸ்ரீநாத்தை ஏன் விட்டீங்க?" என்று கேட்டான். கிரிக்கெட் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. அவனுக்குக் கிடைத்த பதில்: "முதல்ல உனக்கு மீசை முளைக்கட்டும், அப்புறம் கிரிக்கெட் பேசு." பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அதில் நான்கு பேர் தாத்தாக்கள். பையன் அன்று இரவே குழுவை விட்டுப் போய்விட்டான். ஒரு வாரமாகப் பயிற்சிக்கும் போகவில்லை என்று அவன் அம்மா சொல்கிறாள்.

அதனால் அணியையும் தருகிறேன், பதிலையும் தருகிறேன். முதலில் விதிமுறை.

1) மீசை மட்டும்தான். தாடி சேர்ந்தால் கணக்கில் வராது. பேடி கிடையாது, ஜடேஜா கிடையாது, கோலி கிடையாது. "ஜடேஜா இல்லாம ஒரு லெவனா சார்?" என்று வராதீர்கள். தாடி லெவன் தனியாகப் போடுங்கள், அதில் அவர்தான் முதல் பெயர்.

2) இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும். ரஞ்சித்சிங்ஜி மீசை வைத்திருந்தார், 1896இல் தன் முதல் டெஸ்டிலேயே 154 நாட் அவுட் அடித்தார், எல்லாம் சரி. ஆனால் ஆடியது இங்கிலாந்துக்கு.

3) மீசை உள்ளே வருவதற்கான டிக்கெட் மட்டும். உள்ளே வந்த பிறகு ஸ்கோர் நோட்டுதான் பேசும். குழுவில் போட்ட லெவனில் பாதிப் பேர் மீசையின் நீளத்தைப் பார்த்து எடுக்கப்பட்டவர்கள். கணக்கு வாத்தியாரிடம் அந்த வேலை நடக்காது.

இனி அணி.

ஓப்பனிங் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். நம்ம ஊர்க்காரர் என்பதற்காக இல்லை. 1983 ஜூன் 25, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா மொத்தமே 183. அதில் ஸ்ரீகாந்த் 38. அன்று இரண்டு அணியிலும் சேர்த்து அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை, ரிச்சர்ட்ஸ் உட்பட. ஆண்டி ராபர்ட்ஸை ஒற்றைக்கால் முட்டி போட்டு அடித்த அந்த பவுண்டரியை இன்றும் டிவியில் காட்டுகிறார்கள். "நிலைத்து ஆடத் தெரியாதவர்" என்று சொல்பவர்கள், அந்த 38 இல்லாமல் 183 எப்படி வந்திருக்கும் என்று கழித்துப் பார்க்கட்டும்.

கூட இறங்குபவர் ஷிகர் தவான், 2013ஆம் வருஷத்துத் தவான். மொகாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 85 பந்தில் சதம், மொத்தம் 187. அறிமுக டெஸ்டில் அவ்வளவு வேகமாக அதற்கு முன்னால் யாரும் சதம் அடித்ததில்லை. அதற்குப் பிறகுதான் அந்த முறுக்கு மீசை ஊருக்கே தெரிந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் 187, பிறகு முறுக்கல்.

மூன்றாவது திலீப் வெங்சர்க்கார். லார்ட்ஸில் 1979, 1982, 1986 என்று மூன்று டெஸ்ட், மூன்றிலும் சதம். அந்த மைதானத்தில் ஒரு சதம் அடித்து அங்குள்ள பலகையில் பெயர் ஏற வேண்டும் என்று ஏங்கி, ஏறாமலே ஓய்வு பெற்ற பெரிய ஆட்டக்காரர்கள் உண்டு.

நான்காவது குண்டப்பா விஸ்வநாத். இதில் விவாதத்துக்கே இடமில்லை. 1975 ஜனவரி, சேப்பாக்கம். ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்தார். ஒருபக்கம் எல்லாரும் போய்க்கொண்டே இருக்க, விஸ்வநாத் 97 நாட் அவுட். இந்தியா மொத்தம் 190. நாங்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். சதம் அடிக்காத அந்த 97ஐப் பற்றி ஐம்பது வருஷம் கழித்தும் பேசுகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் கேப்டன். இங்கிலாந்து ஐந்து விக்கெட் போய்த் தடுமாறிக்கொண்டிருந்தபோது பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்தார். பந்து பேட்டில் படவில்லை என்று விஸ்வநாத்துக்குத் தெரியும். நடுவரிடம் சொல்லி டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தியா தோற்றது. ஐந்தடி சொச்சம் உயரம், சின்ன மீசை. இந்த லெவனில் அவரைவிடப் பெரிய ஆள் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது ரவி சாஸ்திரி. 1981இல் நியூசிலாந்தில் பத்தாவது ஆளாக இறங்கியவர், 1992இல் சிட்னியில் ஓப்பனிங் இறங்கி 206 அடித்தார். ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். ஆனால் எனக்கு அவர் என்றால் 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. லீவு போட்டுவிட்டு, அம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வாலாஜா சாலைக்கு நடந்து போய்ப் பார்த்த ஆட்டம். ஜெயிக்க 348 வேண்டும். கவாஸ்கர் 90. கடைசி ஓவரில் நான்கு ரன் பாக்கி, ஒரு விக்கெட் பாக்கி. கிரெக் மாத்யூஸ் அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீசுகிறார். சாஸ்திரி இரண்டு எடுத்தார், அடுத்த பந்தில் ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். மூன்று பந்து மீதி, எதிரே மணிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார், அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ. டை! டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறை.

"அந்த ஒரு ரன்னை ஏன் எடுத்தார்? தானே நின்று ஆடியிருக்கலாமே?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கணக்குப் போடுங்கள். அந்த ரன்னை எடுத்த நொடியிலிருந்து இந்தியா தோற்க வழியே இல்லை. எடுக்காமல் சாஸ்திரி அடுத்த பந்தைத் தூக்கி அடித்து அவுட் ஆகியிருந்தால் தோல்வி. மீசையை முறுக்கிக்கொண்டு சிக்ஸருக்குப் போயிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கு அந்த ஒரு ரன்தான் பிடித்தது.

ஆறாவது இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். காரணம் வருகிறது.

ஏழாவது, கேப்டன், கபில் தேவ். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக 17க்கு ஐந்து விக்கெட். அங்கிருந்து 175 நாட் அவுட். பி.பி.சி. ஊழியர்கள் வேலைநிறுத்தம், அதனால் வீடியோ கிடையாது. சேப்பாக்கம் டை ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் 119ம் அவர்தான். 434 டெஸ்ட் விக்கெட். மீசையை வைத்து ஆண்மை பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த மீசைக்காரர் டிவியில் விற்றது பாமாலிவ் ஷேவிங் கிரீம். மீசையும் ஷேவிங்கும் அவர் ஒரே முகத்தில் சமாதானமாக இருந்தன.

எட்டாவது, கீப்பர், கிரண் மோரே. கிர்மானி என்று அடம்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் பெரிய கீப்பர், மறுக்கவில்லை. ஆனால் 1988 பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த ஆட்டத்தில், மோரே ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். அதில் ஐந்து ஒரே இன்னிங்ஸில். வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர்கள் இறங்கி வந்து அடிக்கப் போய், திரும்பிப் பார்த்தால் பெயில்ஸ் கீழே கிடக்கும். மியான்தாத் தவளை மாதிரி குதித்த கதையை வைத்து மட்டும் மோரேயை நினைவில் வைத்திருக்கிறீர்கள். அது அநியாயம்.

ஒன்பதாவது ரோஜர் பின்னி. 1983 உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் கபில் என்பார்கள். பின்னி, 18 விக்கெட். சத்தம் போடாத மனிதர். நம் பெரம்பூர், அயனாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அந்த வருஷம் அவர் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முறுக்கு மீசை ஒரு கூட்டத்தின் சொத்து என்று எழுதிய தம்பி, இந்த மீசை யாருடைய சொத்து என்றும் சொல்லட்டும்.

பத்தாவது அனில் கும்ப்ளே, பதினொன்றாவது ஜவகல் ஸ்ரீநாத். அந்த வயதில் இருவரும் மீசையோடுதான் வந்தார்கள். இவர்களைச் சேர்த்தே பேச வேண்டும். 1999 பிப்ரவரி 7, டெல்லி, பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் கும்ப்ளே பத்து விக்கெட், 74 ரன்னுக்கு. ஒன்பது விக்கெட் அவர் எடுத்த பிறகு எதிர்ப்பக்கம் ஓவர் வீச வந்தவர் ஸ்ரீநாத். பத்தாவது விக்கெட் தனக்கு விழுந்துவிடக் கூடாது என்று ஸ்டம்புக்கு வெளியே தள்ளித் தள்ளி வீசினார். 236 டெஸ்ட் விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர், அன்று விக்கெட் விழாமல் இருக்கப் பந்து வீசினார். பையன் கேட்ட கேள்வி இதுதான்: ஸ்ரீநாத்தை ஏன் விட்டீர்கள்?

கும்ப்ளேவுக்கு இன்னொரு நாள். 2002 மே, ஆன்டிகுவா. பேட்டிங் செய்யும்போது பந்து பட்டுத் தாடை உடைந்தது. தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கி 14 ஓவர் வீசினார். லாராவை அவுட் ஆக்கினார். மறுநாள் விமானம் ஏறி ஆபரேஷனுக்கு ஊர் திரும்பினார். முகமெல்லாம் கட்டு. அன்று அவருக்கு மீசை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

இப்போது ஆறாவது இடம். பத்துப் பேரை எழுதிவிட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு பேட்ஸ்மேன் குறைகிறார். மீசைக்காரர்களில் தேடினேன், சுமாரான பெயர்கள் கிடைத்தன. சுமாரான பெயர் எதற்கு? ஆறாவது இடத்தில் நான் எடுப்பது 1989 டிசம்பர் மாதத்துச் சச்சின் டெண்டுல்கரை. வயது 16. மீசை? முளைக்கவே இல்லை.

சியால்கோட், நான்காவது டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸ். 38 ரன்னுக்கு நான்கு விக்கெட் போயிற்று. வக்கார் யூனிஸ் வீசிய பந்து மூக்கில் பட்டது. சட்டையில் ரத்தம். உள்ளே போய்விடு என்றார்கள். போகவில்லை. நின்று 57 ரன் எடுத்தான். ஆட்டம் டிரா, தொடரும் டிரா. அந்தத் தொடருக்குக் கேப்டன் யார் தெரியுமா? நம் மீசைக்கார ஸ்ரீகாந்த். "முதல்ல மீசை முளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அவரோ தேர்வுக் குழுவோ சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் குடும்பக் குழுவில் சிரிக்கிற பொம்மை போட்ட பத்துப் பேரும் உட்கார்ந்து இதை யோசிக்க வேண்டும்.

"விதிமுறை நீங்களே போட்டு நீங்களே மீறலாமா சார்?" என்பீர்கள். மூன்றாவது விதியை மறுபடி படியுங்கள். ஸ்கோர் நோட்டுதான் பேசும். மீசை என்கிற டிக்கெட், சியால்கோட்டில் நின்ற அந்தப் பையனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறது என்றால் கோளாறு டிக்கெட்டில்தான்.

மீசையும் ஆண்மையும் ஒன்று என்று சொல்பவர்கள் 2025 நவம்பர் 2ஆம் தேதியையும் பார்க்கட்டும். நவி மும்பை, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஹர்மன்பிரீத் கவுர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்தது. ஷபாலி 87, தீப்தி அரைச்சதம் அடித்து, ஐந்து விக்கெட்டும் எடுத்தார். அதற்கு மூன்று நாள் முன்பு அரையிறுதியில் ஆஸ்திரேலியா அடித்த 338ஐத் துரத்தி ஜெமிமா 127 நாட் அவுட். அந்த லெவனில் எத்தனை மீசை என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த இரவு நம் குழுவில் பட்டாசுப் படம் போட்டவர்களில், "மீசை இல்லாதவன் ஆம்பளையா" என்று இப்போது எழுதியவரும் ஒருவர். தைரியத்துக்கு ஆம்பளை என்று பேர் வைத்தது யார் தம்பி?

அடுத்து, 'எங்க ஆளுங்க சொத்து' விவகாரம். இதை நான் சிரித்துக்கொண்டு விட முடியாது. 2017இல் குஜராத்தில், காந்திநகர் பக்கத்து லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பதிலாக அந்த மாநிலத்துப் பையன்கள் நூற்றுக்கணக்கில் தங்கள் வாட்ஸப் படத்தில் மீசை வைத்தார்கள். எனக்கு அந்தப் படங்கள் மிகவும் பிடித்தன. மீசை எவன் முகத்தில் முளைக்கிறதோ அவனுடையது.

கிரிக்கெட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. பல்வங்கர் பாலு என்று ஒரு இடதுகைச் சுழல் பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். பிறந்த சாதியைக் காரணம் காட்டி அவரைப் பம்பாய் இந்துக்கள் அணிக்குக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை. பூனாவில் அவருக்கு டீயைக்கூடத் தனிக் கோப்பையில் கொடுத்தார்கள். அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அந்தக் கேப்டன் பதவி கிடைத்தது. ஆளின் பிறப்பைப் பார்த்து இடம் கொடுத்தால் எப்படிப்பட்ட கேப்டன் கையை விட்டுப் போவார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். போன தை மாதம் எங்கள் பக்கத்துத் திடலில் ரப்பர் பந்துப் போட்டி. ஒரு அணியின் பனியன் முதுகில் முறுக்கு மீசைப் படம், அதன் கீழே சாதிப் பெயர். போட்டிருந்த பையன்களுக்கு அதிகம் போனால் பதினைந்து வயது. 2023இல் நாங்குநேரியில் கூடப் படிக்கும் மாணவனைச் சாதிக்காக வீடு புகுந்து வெட்டியது பள்ளிக்கூடப் பையன்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறும் அடையாளமும் பள்ளியில் கூடாது என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். கையில் கட்டுகிற கயிறு, பனியன் முதுகில் ஏறுகிற மீசை, வாட்ஸப்பில் போடுகிற 'எங்க ஆளுங்க', மூன்றும் ஒரே நூல். பையன்கள் அதை வானத்திலிருந்து பிடித்துக்கொண்டு வருவதில்லை. நம் போனில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மீசை வையுங்கள். முறுக்குங்கள். மை தடவுங்கள். எனக்கும் நாற்பத்தைந்து வருஷமாக மீசை இருக்கிறது, இப்போது முழு வெள்ளை. அது ஒரு அழகு, அவ்வளவுதான். அதை அளவுகோலாக எடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளையை அளக்காதீர்கள்.

அணியை மொத்தமாக எழுதிவிடுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்: ஸ்ரீகாந்த், தவான், வெங்சர்க்கார், விஸ்வநாத், சாஸ்திரி, பதினாறு வயது டெண்டுல்கர், கபில் தேவ் (கேப்டன்), மோரே (கீப்பர்), பின்னி, கும்ப்ளே, ஸ்ரீநாத்.

கமெண்டில் சண்டை போடலாம். பெயர் சொல்லி, வருஷம் சொல்லி, ரன் சொல்லிச் சண்டை போடுங்கள். சாதியும் 'ஆம்பளையா'வும் வந்தால் அழித்துவிடுவேன், என் பழைய மாணவன் என்றும் பார்க்க மாட்டேன், சம்பந்தி என்றும் பார்க்க மாட்டேன். குடும்பக் குழுவில் அந்தப் பையனைத் திரும்பச் சேர்ப்பது அட்மின் வேலை. அதற்கு முன்னால் சிரித்தவர்கள் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். பெரியவர்கள் முதலில்.

– உங்கள் கணக்கு வாத்தியார், அம்பத்தூர்